மூன்றாம் ஓலை

1. ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடியும் நேரத்தில், என் கல்யாணத்துக்கான முதல் ஓலையை எங்கள் ஊர்க் கோவிலில் அப்பா மைக்கில் வாசித்தார்.

2. அன்று சாயங்காலமே எங்கள் அன்பியத்தின் தலைவி வீட்டுக்கு வந்தார். கையில் செபமாலை வைத்திருந்தார்.

3. இரண்டாவது ஞாயிறு அப்பா இரண்டாம் ஓலையை வாசித்தார். மாப்பிள்ளையின் பெயர் கேட்டது. மாப்பிள்ளையுடைய அப்பாவின் பெயரும் தெருவும் கேட்கவில்லை. மைக்கில் கோளாறு எதுவும் கிடையாது. அந்த மைக்கைப் பழுது பார்ப்பது நான்தான்.

4. மூன்றாவது ஞாயிறு காலையில் அப்பாவுக்குக் காய்ச்சல் என்றார்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை.

5. மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை.

ஓலை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக: கத்தோலிக்கக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோவிலில் அறிவிப்பு வாசிக்க வேண்டும். இன்னாருடைய மகனும் இன்னாருடைய மகளும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள். இதற்குத் தடை ஏதும் இருப்பது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். இவ்வளவுதான். பெயர்தான் ஓலை, இப்போது அது ஒரு வெள்ளைத்தாள். தடை என்று எதையெல்லாம் திருச்சபை ஏற்கும் என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. ஏற்கெனவே கல்யாணமாகியிருப்பது, நெருங்கிய ரத்த உறவு, வயது போதாமை, கட்டாயப்படுத்துவது என்று போகும். முழுவதும் படித்துவிட்டேன். மாப்பிள்ளை வீடு இருக்கும் கீழத்தெரு அதில் இல்லை.

அப்பா உபதேசியார். எங்கள் சாமியாருக்குப் பல ஊர்கள். பூசை வைத்துவிட்டு அடுத்த ஊருக்கு பைக்கில் கிளம்பிவிடுவார். மணி அடிப்பது, பிள்ளைகளுக்குச் செப மந்திரம் சொல்லிக் கொடுப்பது, சாவு வீட்டில் செபம் சொல்வது, அறிவிப்பு வாசிப்பது எல்லாம் அப்பாவின் வேலை. கீழத்தெருவில் நடந்த எந்தச் சாவுக்கும் அவர் போகாமல் இருந்ததில்லை. போய் முட்டி போட்டு, முழுச் செபமும் சொல்லி, அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வருவார். டீ கொடுத்தால் மட்டும் வயிறு சரியில்லை என்பார். கீழத்தெருவில் மட்டுமே சரியில்லாமல் போகிற வயிறு.

நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ. விராலிமலைப் பக்கம் ஒரு ஃபேக்டரியில், அளக்கும் கருவிகள் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்துச் சான்று கொடுக்கும் பிரிவில் இருக்கிறேன். மாப்பிள்ளை அதே ஃபேக்டரியில் மெயின்டெனன்ஸ். இருவருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தது ஒரே தொட்டியில், புதுநன்மை என்கிற முதல் நற்கருணை கொடுத்தது ஒரே பீடத்தில். ஆனாலும் ஒருவரோடு ஒருவர் முதல் முறையாகப் பேசியது கம்பெனி பஸ்ஸில்தான். ஊரில் அதற்கு இடமில்லை. எங்கள் கல்லறையில் முன்பு இரண்டு தெருவையும் பிரித்து ஒரு சுவர் இருந்தது. மேலிடத்து உத்தரவால் இடித்துவிட்டோம் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் போய்ப் பாருங்கள். எங்கள் மேலத்தெருக்காரர்கள் புல் செதுக்கிக்கொண்டே வந்து, சுவர் இருந்த இடத்தில் கரெக்டாக மண்வெட்டியை நிறுத்துவார்கள். இல்லாத சுவரை இவ்வளவு நேராகக் காப்பாற்ற ஒரு திறமை வேண்டும்.

அன்பியத் தலைவியிடம் வருகிறேன். அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழு. புதன்கிழமை தோறும் ஒரு வீட்டில் கூடுவோம். தலைவி ஆலங்குடிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்; எல்லாருக்கும் டீச்சர். வந்து உட்கார்ந்தவர் முதலில் செபித்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். பையனுக்கு நைட் ஷிப்ட் வரும், குடும்பத்தை எப்படிப் பார்ப்பான். அவர்கள் வீட்டுச் சமையல் எனக்கு ஒத்துக்கொள்ளாது. என் தங்கைக்கு நாளைக்கு யார் வருவார்கள். அம்மாவுக்கு பிரஷர் இருக்கிறது. சாதி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அதைத் தொடாமலேயே அதைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்துவிட்டார்.

கடைசியில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"இங்கிட்டு வா பாப்பா. நானாச் சொல்லலம்மா. காலைலேர்ந்து இதுக்காகவே செபம் பண்ணேன். வேண்டாம்னு ஆண்டவரே ஒணத்துறாரு."

டீச்சருக்கு ஆண்டவர் எப்போதும் உணர்த்துகிறார். கோவிலுக்கு எந்த நிறத்தில் பெயின்ட், திருவிழாவுக்கு எந்த பேண்டு செட், யார் வீட்டுப் பிள்ளை நர்சிங் படிக்கக் கூடாது என்று எல்லாவற்றிலும் உணர்த்தியிருக்கிறார். ஒரு முறைகூட டீச்சர் நினைத்ததற்கு மாறாக உணர்த்தியதில்லை. எங்கள் பிரிவில், எதை வைத்து அளந்தாலும் ஒரே எண்ணைக் காட்டும் கருவிக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைத்துவிடுவோம். ஊரில் அதற்குத் தலைவி பதவி கொடுக்கிறார்கள்.

வயதானவர்கள் அப்படித்தான் என்று யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். இளையோர் குழுச் செயலாளர் என்னோடு மறைக்கல்வி படித்தவன். இப்போது புதுக்கோட்டையில் பேங்க் வேலை. கிட்டார் வாசிப்பான். ஆண்டவர் ஒதுக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டதைப் பற்றி ரீல்ஸ் போடுவான். நானே லைக் போட்டிருக்கிறேன். குழுவில் எல்லாருக்கும் டி-ஷர்ட் அடித்தபோது முதுகில் 'எதிர்நோக்கு' என்று போடச் சொன்னவனும் அவன்தான். இரண்டாம் ஓலைக்குப் பிறகு பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். குழுவிலிருந்து நாலு பேராவது அப்பாவிடம் வந்து பேசினால் நன்றாக இருக்கும் என்றேன். எனக்கு முழு ஆதரவு உண்டு என்றான். தனிப்பட்ட முறையில். திருவிழா நெருங்குகிறது, இரண்டு தெருவும் வரி கொடுக்க வேண்டும், இப்போது நேரம் சரியில்லை. செபத்தில் நினைத்துக்கொள்கிறேன், ஆண்டவர் பாத்துப்பாரு என்றான். எதிர்நோக்கு என்று முதுகில் எழுதியது சரிதான். முன்னால் எழுதியிருந்தால் அவ்வப்போது குனிந்து படிக்க வேண்டியிருக்கும்.

காய்ச்சல் ஞாயிறுக்குப் பிறகு நானும் மாப்பிள்ளையும் ஃபாதரைப் பார்க்கப் போனோம். ஃபாதர் நல்லவர். நல்லவராக இருப்பதற்கு மேல் எதுவும் செய்து அவர் தன்னைக் களைப்பாக்கிக் கொள்வதில்லை. மூன்றாம் ஓலைக்கு மேலிடத்தில் எழுதி விலக்கு வாங்கிவிடலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது, யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் முடிந்துவிடும் என்றார். இல்லையென்றால் வேறு யாரையாவது வாசிக்கச் சொல்கிறேன் என்றார்.

வேண்டாம் என்றேன். அப்பாதான் வாசிக்க வேண்டும், முழுப் பெயரோடும் தெருவோடும். ஃபாதர் என்னைப் பிடிவாதக்காரி என்று நினைத்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் நான் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். ஓலை ஊரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறது. தெரிந்தால் சொல், சொல்லக் கடமை உண்டு என்கிறது. இரண்டு ஞாயிறும் யாரும் ஃபாதரிடம் போய் எதுவும் சொல்லவில்லை. என் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் காபியைக் குடித்துவிட்டுச் சொன்னார்கள். மூன்றாவது தடவை கேட்காமல் விட்டால், கேட்டிருந்தால் சொல்லியிருப்போம் என்று காலத்துக்கும் பேசுவார்கள். அப்பாவும் பேசுவார். அவர் மகளின் கல்யாணம் விலக்கு வாங்கி நடந்த கல்யாணம் என்றாகிவிடும்.

திரும்பும்போது மாப்பிள்ளையிடம் கேட்டேன், கோபமே வரவில்லையா என்று. அவர் அவசரப்படாமல் பேசுகிற ஆள்.

"ஒங்க அப்பாதான எனக்குப் பத்துக் கட்டளை சொல்லிக் குடுத்தாரு. தப்பு விட்டா காதைப் பிடிச்சுத் திருகுவாரு. தொட்டுத்தான திருகுனாரு? அப்ப வயிறு நல்லாத்தான் இருந்துச்சு."

ரிஜிஸ்டர் ஆபீஸில் ஒரு கையெழுத்தோடு முடித்துக்கொண்டு போக வேண்டியதுதானே என்று என்னோடு வேலை செய்கிறவர்கள் கேட்டார்கள். முடியும். ஆனால் எனக்குப் பீடத்தின் முன்னால்தான் கல்யாணம் வேண்டும், ஏனென்றால் அங்கே சொல்லப்படுவதை நான் நம்புகிறேன். சிரமம் அதுதான். அப்பா சொல்லிக் கொடுத்த விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரியைக்கூட நான் கழித்துவிடவில்லை. எங்கள் தெருக்காரர்கள் அதை நம்பாததால்தான் இவர்களுக்கு இது இவ்வளவு சுலபமாக இருக்கிறது. இவர்கள் வெளியே போகாதபோது நான் ஏன் போக வேண்டும்?

அந்த வாரப் புதன்கிழமை அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில் நடக்க வேண்டிய முறை. சத்தமில்லாமல் டீச்சர் வீட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எங்களைப் பார்த்ததும் பாய் விரித்துக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சம் மெதுவாக விரித்தார்கள். நடுவில் ஸ்டூலில் பைபிளும் மெழுகுவர்த்தியும் இருந்தன. உள்ளே சுண்டல் தாளிக்கிற வாசனை வந்தது.

வாசகம் முடிந்ததும் மன்றாட்டு. வட்டமாக உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு வேண்டுதலைச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் எல்லாரும் சேர்ந்து, 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று பதில் சொல்வோம். சின்ன வயதிலிருந்து சொல்வதால் காதில் விழுவதற்கு முன்னால் வாய் சொல்லிவிடும். மழைக்காக ஒருவர் வேண்டினார். மகனின் விசாவுக்காக ஒருவர். டீச்சர், பாதை தவறும் பிள்ளைகள் பெற்றோர் மனம் நோகாமல் நடக்க வேண்டுமென்று, கண்ணை மூடிக்கொண்டு, நான் இருந்த திசை பார்த்து மன்றாடினார். எல்லாரும் கேட்டருளும் என்றார்கள். நானும் சொன்னேன். பெற்றோர் மனம் நோகக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

என் முறை வந்தது.

"வருகிற ஞாயிறு வாசிக்கப்போகும் மூன்றாம் ஓலைக்காக. இந்தத் திருமணத்துக்குத் தடை உண்டு என்று தெரிந்த எங்கள் அன்பியத்தாருக்கு, அது இன்ன தடை என்று கோவிலில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்லும் தைரியத்தைத் தந்தருளும்படியாக, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். எல்லாரும், ஒரே குரலில். தலைவி என்பதால் டீச்சருடைய குரல்தான் பெரிதாகக் கேட்டது.

சொல்லி முடித்த பிறகுதான் அவர்களுக்குப் புரிந்தது. அடுத்த மன்றாட்டைச் சொல்ல வேண்டிய அக்கா டீச்சர் பக்கம் திரும்பினார். டீச்சர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், பிறகு மெழுகுவர்த்தியைப் பார்த்தார், பிறகு வேகமாக விண்ணுலகத் தந்தை செபத்தைத் தொடங்கிவிட்டார். சுண்டல் வந்தது. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அவர்களை மாட்டிவிடுவதற்காக அதைச் சொன்னேன் என்று பிறகு பேசிக்கொண்டார்களாம். செபமாகத்தான் சொன்னேன். யாராவது எழுந்து சொல்லியிருந்தால் அதை எதிர்கொள்ளவும் தயாராகத்தான் இருந்தேன்.

வீட்டில் அப்பா இன்னும் போர்வையோடு படுத்திருந்தார். அம்மா நேராக அடுப்படிக்குப் போய்விட்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, தடை இருக்குன்னா ஃபாதர்கிட்டப் போய்ச் சொல்லுங்க. இல்லைன்னா வாசிங்க. ரெண்டும் இல்லாம இப்பிடிப் படுத்துக்கிறாதீங்க."

அப்பா, அன்பியத்தில் என்ன பேசினாய் என்று கேட்டார். என் மன்றாட்டை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"அதுக்கு டீச்சர் என்ன சொன்னாங்க?"

"கேட்டருளும்னு சொன்னாங்க."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போர்வை கொஞ்சம் குலுங்கியது. சிரித்தாரா என்று இன்று வரை தெரியாது.

ஞாயிறு முதல் மணி அடித்தபோது அவர் கட்டில் காலியாக இருந்தது. கோவில் நிறைந்திருந்தது, வழக்கமாக மரத்தடியிலேயே நின்று பூசை பார்ப்பவர்கள்கூட உள்ளே வந்திருந்தார்கள். அறிவிப்பு நேரத்தில் அப்பா மைக் முன்னால் வந்து, தாளை விரித்தார். திருவிழா வரி பற்றிச் சொன்னார். பிறகு ஓலையை எடுத்தார். மாப்பிள்ளை பெயர், அவருடைய அப்பா பெயர், அம்மா பெயர், கீழத்தெரு. எல்லாம் கேட்டது. தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று வாசித்துவிட்டு, வழக்கம்போல உடனே தாளை மடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பெஞ்சு பெஞ்சாகப் பார்த்தார். டீச்சர் செபப் புத்தகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். செயலாளர் கிட்டாரின் கம்பியைச் சரிபார்த்தான். கீழத்தெரு ஆட்கள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

இன்றைய நிலை: மூன்று ஓலையும் வாசித்தாயிற்று. தடை என்று யாரும் ஃபாதரிடம் எதையும் சொல்லவில்லை. கல்யாணம் வைகாசியில், எங்கள் கோவிலிலேயே. டீச்சர் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. புதன்கிழமை அன்பியத்துக்கு நான் போகிறேன். அப்பா என்னோடு தேவைக்கு மட்டும் பேசுகிறார். கீழத்தெருவில் அவர் இன்னும் டீ குடிக்கவில்லை.