பழைய மென்பொருளுக்குத் தெரியாத ‘தவிர’

அண்ணனூரில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் என் மகன்கள் இரண்டு பேரும் மெயில் மென்பொருள் செய்தார்கள். அவர்கள் அப்பா போன பிறகு, பிள்ளைகள் பிரியக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு ஆசை. நான் ஐந்தாவது வரை படித்தவள். காபி கொண்டுபோகும்போது காதில் விழுந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மெயிலில் ஒரு தேடலைச் சேமித்து வைக்கலாமாம். சேமிப்பது கடிதங்களை அல்ல, கேள்வியை. திறக்கும்போதெல்லாம் அதற்குப் பொருந்துகிற கடிதங்கள் வந்து நிற்கும். முன்பு அந்தக் கேள்வியில் யார் அனுப்பியது, எதைப் பற்றி, எப்போது என்று மூன்றே இடம். சின்னவன் அதை மாற்றி, எத்தனை நிபந்தனை வேண்டுமானாலும் எழுதும்படி செய்தான். ‘இவர்களைத் தவிர’ என்றுகூடச் சொல்லலாம்.

வேண்டாத மெயிலை அழிப்பதற்காகப் பெரியவனுக்கும் அப்படி ஒரு தேடல் செய்து கொடுத்தான்: பழைய மெயில் எல்லாம், வாடிக்கையாளர்கள் அனுப்பியதைத் தவிர. பெரியவன் கம்ப்யூட்டரில் இருந்ததோ பழைய மென்பொருள். அதற்குத் ‘தவிர’ தெரியாது. தெரியாததை விட்டுவிட்டு மிச்சத்தைத் தேடிக் காட்டியது. பெரியவன் பார்க்காமல் மொத்தத்தையும் அழித்துவிட்டான்.

"இன்னாடா பண்ணி வெச்சிகீற? கஸ்டமர் மெயிலு ஒண்ணுகூட இல்லடா!"

"புதுசு போட்டுக்கோன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? தொர கேட்டாதானே!"

நாற்காலி பறந்தது. திரை நொறுங்கியது. பெரியவன் தம்பியின் தலைமுடியைப் பிடித்து ஜன்னல் கம்பியில் மோதினான். மறுபடி மோதினான். கம்பியில் ரத்தம் வழிந்தது. பிறகு கழுத்தை நெரித்தான். சின்னவனுக்குக் கண் மேலே செருகியது. விடுடா என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கல்யாண வீட்டில்கூட நாலு பேர் முன்னால் பேசாதவள் நான். பெரியவனின் கையைக் கடித்தேன். தோல் கிழிந்து வாயில் உப்புக் கரித்தது.

பிடி விட்டது. "அம்மா கட்ச்சிட்ச்சிடா," என்றான், தம்பியிடமே முறையிடுகிறவன் போல.

சின்னவன் இருமிக்கொண்டே சரிந்து உட்கார்ந்தான். "மெயிலு பேக்கப்ல கீது. எடுத்துக்கலாம். ஆனா என் தப்பும் கீது. பழைய சாஃப்ட்வேருக்குப் புரியாதது வந்தா அது தேடாம நின்னுடணும். அதுக்கு நான் வழி பண்ணல."

"இத்த இப்பதான் சொல்றியா?" பெரியவன் உடைந்த நாற்காலிக் காலைக் கையில் எடுத்தான்.

நான் நடுவில் போய் நின்றேன். "கெளம்புப்பா," என்றேன் சின்னவனிடம். "ஆவடில ரூம் பாத்துக்கோ. இங்க இருந்தா இவன் உன்ன சாவடிச்சிருவான்."

"நீம்மா?"

"நீ போ."

அவன் போட்டிருந்த சட்டையோடு இறங்கிப் போனான். பெரியவன் பின்னால் ஓடாதபடி நான் மாடிப்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன்.