அளவுக்காரர் வீட்டு வைஃபை

அளவுக்காரர் வீட்டு வைஃபைக்கு வைத்தியம் பார்க்காத ஆள் அந்தக் கட்டடத்தில் பாக்கியில்லை. மாடி வீட்டுக்காரர் வந்து பெட்டியின் இரண்டு கொம்புகளையும் முறுக்கி நிமிர்த்திவிட்டுப் போனார். இணைப்புக் கொடுத்த கம்பெனியிலிருந்து வந்தவர் கைப்பேசியில் எதையோ தட்டிப் பார்த்து, "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அவர் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார், அது மறுபடியும் படுத்துக்கொண்டது.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற ஆள் ஒருவன் உண்டு. அளவுக்காரர் மனைவியின் தம்பி. கார் விற்கும் கடையில் வேலை, வாய்க்குப் பஞ்சமில்லை. எல்லாம் தெரிந்த ஏகாம்பரம் என்று சொல்வார்களே, அந்த வகை. வாசலில் செருப்பு அலமாரிக்குப் பின்னால் சிவனே என்று கிடந்த பெட்டியை, "உயரத்துல வெச்சாத்தான் மாமா சிக்னல் பாயும்" என்று தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில் ஃப்ரிட்ஜின் தலைமேல் உட்கார வைத்தவன் அவன்தான். அதுவரை பின்னறைக்குச் சிக்னல் மெலிதாக வந்தாலும் ஒழுங்காக வந்தது. பிறகு பலமாக வந்தது, ஒழுங்காக வரவில்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். ஆனால் தன் கைவேலையை மட்டும் அவன் சந்தேகப்படவே மாட்டான். கடவுச்சொல்லை மாற்றினான். பெட்டிக்குப் பின்னால் தகரத் தட்டை நிறுத்தினான். ஒருநாள் ஏணி போட்டு ஏறி, வயரைப் பரண் வழியாக இழுக்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, விழாமல் தப்பியது அவன் அதிர்ஷ்டம்.

இத்தனை ஆரவாரத்திலும் ஒன்றும் பேசாமல் இருந்தவர் அளவுக்காரர் ஒருவர்தான். வைஃபை சரியாக வேண்டும் என்று அவருக்குப் பெரிய ஆசை எதுவும் இல்லை. அது ஏன் என்று புரிய, அவரைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சமையலறைகளுக்கு வரைபடம் போடுவது அவர் தொழில். அடுப்பு எங்கே, தொட்டி எங்கே, அலமாரிக் கதவைத் திறந்தால் யார் மண்டையில் இடிக்கும் என்பதெல்லாம் அவர் கவலை. ஒரு சுவரை ஒருமுறை அளந்து அவர் திருப்திப்பட்டதாகச் சரித்திரமே கிடையாது. தரையோரம் ஒரு தடவை, இடுப்பு உயரத்தில் ஒரு தடவை, தலைக்கு மேலே ஒரு தடவை அளப்பார். உலகத்தில் எந்தச் சுவரும் நேராக இல்லை என்பது அவர் கட்சி. அளவுக்காரர் என்ற பெயர் அப்படி வந்தது.

பேச்சிலும் அளவுதான் போல என்று தெரியாதவர்கள் மெச்சிக்கொண்டார்கள். விஷயம் அதுவல்ல. அவருக்குத் திக்கும், சின்ன வயதிலிருந்தே. எல்லா எழுத்தும் அப்படியில்லை. சொல்லின் முதலில் வருகிற 'ட'வும் 'ஜ'வும்தான் வாய்க்குள்ளேயே நின்றுகொண்டு நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதனால் எதிரே வருகிற சொல்லைத் தூரத்திலேயே பார்த்து, ஒதுங்கி வேறு தெரு வழியாகப் போகப் பழகியிருந்தார். டீதான் பிடிக்கும், ஆனால் கடையில் காபி கேட்பார். 'டிசம்பர்' என்று சொல்ல மாட்டார், 'வருஷக் கடைசி' என்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று பழமொழி சொன்ன புண்ணியவானுக்கு ஒரு எழுத்துகூட மாட்டியிருக்காது. இவரும் பிழைத்தார்தான், பென்சிலை வைத்துக்கொண்டு.

அலுவலகம் இருந்தவரை வாடிக்கையாளர்களிடம் பேசுவதை முதலாளியம்மா பார்த்துக்கொண்டார். எல்லாரும் அவரை மேடம் என்பார்கள். பிறகு அலுவலகத்தை மூடி, அவரவர் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று மேடம் சொல்லிவிட்டார். கூட்டமெல்லாம் கணினித் திரைக்குள் வந்தது. வரைந்தவரே விளக்கட்டுமே என்று வாடிக்கையாளர்களும் கேட்க ஆரம்பித்தார்கள்.

முதல் தடவை பேசியபோது திரையில் வரைபடம்தான் தெரிந்தது, அவர் முகம் தெரியவில்லை. 'டைல்ஸ்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டார். தாடை இறுகி, கண் மூடி, ஒரு சத்தமும் வெளியே வராமல் அவர் தவித்துக்கொண்டிருக்க, மறுமுனையில் ஒருவர், "ஹலோ? லைன் போச்சு போல" என்றார். மேடமும், "பாவம், அவர் வீட்டு வைஃபை சரியில்ல, நானே சொல்றேன்" என்று மீதியை விளக்கி முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவசரப்பட்டு வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை. பழி முழுக்க வைஃபை தலையில் விழுந்தது. அவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம், தன் முறை வருகிறது என்று தெரிந்தால் வைஃபை போகும்வரை காத்திருப்பானேன் என்று இணைப்பைத் துண்டிக்கிற சிவப்புப் பட்டனைத் தானே அழுத்த ஆரம்பித்தார். 'லைன் போயிடுச்சு மேடம், நீங்களே சொல்லிடுங்க' என்று கைப்பேசியில் ஒரு செய்தி போகும். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் விஷயத்தில் கூடம் நிஜமாகவே கொஞ்சம் கோணல், அதுதான் வசதியாகப் போயிற்று.

இப்படியே வண்டி ஓடியிருக்கும், அந்தப் பெண்கள் விடுதி வேலை வராமல் இருந்திருந்தால். வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதி அது. அதன் பழைய சமையலறையை மாற்றிக் கட்ட வேண்டும். அளக்கப் போனவர், பாத்திரம் கழுவுகிற மூலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நட்டநடுப் பகலில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. காற்று நுழைய ஒரு பொத்தல் கிடையாது. முழங்கைவரை நுரையோடு இரண்டு பெண்கள் அண்டாக்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்ச் சுவரில் பெரிய ஜன்னல் இருந்தது, வெளியே ஒரு மரமும் இருந்தது. ஜன்னலுக்கு அடியில் மாவு மூட்டைகள் சொகுசாகச் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன. டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள வந்த பெண், "எங்கள அந்தப் பக்கம் மாத்த முடியாதா சார்?" என்று பாதி விளையாட்டாகக் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

அவர் மாற்றித்தான் வரைந்தார். தொட்டி ஜன்னல் ஓரம், மூட்டைகள் மூலைக்கு. வரைந்து முடித்த அன்று பின்னறையில் தனியாக உட்கார்ந்து விசில் அடித்தார். விசிலில் 'ட', 'ஜ' தொல்லை இல்லை.

ஆனால் விடுதிக் கமிட்டியோடு பேசிய அன்றும் வழக்கப்படி அவர் வீட்டு லைன் 'போய்விட்டது'. தொட்டியை ஏன் நகர்த்தினீர்கள் என்று கமிட்டியின் பொருளாளர் கேட்க, மேடத்துக்குக் காரணம் தெரியவில்லை, அழகுக்காக என்று சொல்லிவைத்தார். அழகுக்கா புதுக் குழாய் போடுவது, பழைய மூலையிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். செய்தி வந்ததும் அளவுக்காரர் வெகுநேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்களை மறுபடியும் இருட்டில் தள்ளியது பொருளாளர் இல்லை, தன்னுடைய சிவப்புப் பட்டன்தான் என்று அவருக்குத் தெரியும். காரணத்தை எழுதி அனுப்புகிறேன் என்று மேடத்திடம் கெஞ்சினார்.

"எழுதி அனுப்பினா ஓரமா வெச்சிடுவாங்க. வாயால கேட்டாத்தான் மனசுல ஏறும்" என்றார் மேடம். "சனிக்கிழமை கடைசிக் கூட்டம். அன்னிக்கு முடிவு பண்ணிடுவாங்க. நீங்கதான் பேசணும். அதுக்குள்ள அந்தப் பாழாப்போன வைஃபைய ஒரு வழி பண்ணுங்க."

இதைக் கேள்விப்பட்ட அவர் மனைவி ஒருநாள் விடுப்புப் போட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எதையும் தொடுவதற்கு முன்னால் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவள் கொள்கை. தம்பியை, "நீ இன்னிக்கு இந்தப் பக்கம் வரவே கூடாது" என்று போனிலேயே தடுத்துவிட்டு, ஃப்ரிட்ஜுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு, பட்டாணி உரித்தபடி பெட்டியின் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஃப்ரிட்ஜ் 'டொக்' என்றது, பிறகு 'உர்ர்' என்று ஓட ஆரம்பித்தது. அந்த 'டொக்'கோடு பச்சை விளக்கு அணைந்து, பெட்டி பிறந்த குழந்தை மாதிரி முதலிலிருந்து கண் சிமிட்டத் தொடங்கியது. அடுத்த 'டொக்'குக்கும் அதே கதைதான். இரண்டுக்கும் ஒரே பழைய பிளக் பலகை. ஃப்ரிட்ஜ் எழுந்திருக்கும்போது மின்சாரத்தை ஒரு வாய் அதிகமாக இழுக்க, பெட்டி மயங்கி விழுந்துகொண்டிருந்தது.

"அடப்பாவி" என்று தம்பியை மனதாரத் திட்டினாள். பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டு போய் அதற்கென்று தனி பிளக்கில் மாட்டினாள். சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடியும் காவல் உட்கார்ந்தாள். ஃப்ரிட்ஜ் உறுமியது, நின்றது, உறுமியது. பச்சை விளக்கு அசையவில்லை.

பெட்டியை மாற்றிய பிறகு பின்னறையில் வேறொரு வாடிக்கையாளரோடு கூட்டத்தில் உட்கார்ந்த அளவுக்காரர் அப்போது வெளியே வந்தார். "மறுபடியும் லைன் போயிடுச்சு" என்றார்.

அவள் விளக்கைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "ஏங்க, லைட் அணையவே இல்லையே. நான் கண்ண எடுக்காம பாத்துட்டு இருக்கேன்."

அவரும் பச்சை விளக்கைத் திரும்பிப் பார்த்தார்.

"ஃப்ரிட்ஜால போறது ஒண்ணு. உங்களால போறது ஒண்ணு. அப்படித்தானே?"

அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "சில வார்த்தை எனக்கு வராது" என்றார்.

"வரலேன்னா?"

"சிரிச்சாகூடப் பரவாயில்ல. பாவம்னு நெனைப்பாங்க. எனக்குப் பதிலா அவங்களே சொல்லி முடிச்சிடுவாங்க. அத என்னால தாங்க முடியாது."

அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது. "என் தம்பி ஏணியிலேர்ந்து விழப் பாத்தான். அப்பகூட வாயத் தொறக்கலியே நீங்க! காலு கையி உடைஞ்சிருந்தா?" என்றாள். அப்புறம் பட்டாணித் தோலைக் கூட்டி அள்ளியபடியே சொன்னாள்: "என்கிட்ட ஒரு விஷயத்தச் சொல்ல நீங்க எவ்வளவு நேரம் வேணா எடுத்துப்பீங்க. நான் என்னிக்காவது பாதியில போனைக் கீழ வெச்சிருக்கேனா?"

"நீ வேற, அவங்க வேற."

"இருக்கலாம். ஃப்ரிட்ஜ நான் சரி பண்ணிட்டேன். மிச்சம் உங்க பாடு." அதோடு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

சனிக்கிழமை கூட்டத்தில் விடுதி வார்டன், பொருளாளர், தலைமைச் சமையல்காரம்மா, மேடம் என்று திரை நிறைய முகங்கள். இவருடைய சதுரம் மட்டும் வழக்கம்போலக் கறுப்பு. "நம்ம வரைபடக்காரரே சொல்வார்" என்றார் மேடம்.

அவர் ஆரம்பித்தார். கதவு, அடுப்பு, அலமாரி எல்லாம் சரளமாக வந்தன. தொட்டிக்கு வந்தார். "தொட்டிய எதிர்ச் சுவர்ல, அங்க இருக்கிற…" அங்கே மாட்டிக்கொண்டது. தாடை இறுகியது.

"ஹலோ?" என்றார் பொருளாளர். "கேக்குதா? லைன் போச்சு போல."

"அவர் வீட்ல எப்பவும் இப்படித்தான்" என்றார் மேடம் அலுப்போடு. "பரவாயில்ல, நானே சொல்றேன். அந்தத் தொட்டி வந்து…"

விரலுக்கு நேர் கீழே சிவப்புப் பட்டன் இருந்தது. இவர் எதுவும் செய்யவே வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், எல்லாரும் மன்னித்துவிடுவார்கள். தொட்டி மட்டும் மூலைக்குப் போய்விடும். அவர் கையை நகர்த்தி, கேமராவைப் போட்டார். கறுப்புச் சதுரத்தில், வேர்த்துக் கொட்டும் முகம் ஒன்று வந்து நின்றது.

"இருங்க மேடம். லைன் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் திக்கும். இத்தன நாளா நானே கட் பண்ணிட்டு, வைஃபை மேல பழி போட்டேன். கொஞ்சம் நேரம் ஆகும். ஆனா நானே சொல்லிடறேன்."

மேடம் எதையோ சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டார். சமையல்காரம்மாதான் முதலில் பேசினார். "சொல்லுங்க தம்பி. இங்க அடுப்புல ஒண்ணும் கருகல."

சொன்னார். அந்த மூலையில் பகலிலும் பல்பு எரிவதைச் சொன்னார். அங்கே ஈரத்திலும் இருட்டிலும் நாள் முழுக்க நிற்பது மனிதர்கள், எதிர்ப் பக்கம் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பது மாவு மூட்டை என்றார். குழாய்க்குச் செலவு கொஞ்சம் கூடத்தான் செய்யும், அதை மறைக்கவில்லை என்றார். பல இடங்களில் நின்றார், மூச்சை விட்டார், மறுபடி தொடங்கினார். சமையல்காரம்மா தன் பக்கத்தில் இருந்த யாரையோ திரும்பிப் பார்த்து, "கேட்டியாடி?" என்றார்.

வார்டன் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். "இத யாரும் எங்களுக்குச் சொல்லலியே சார். சரி, மாத்திடலாம். தீர்மானத்துல எழுதிக்கணும். தொட்டிய எங்க வைக்கிறோம்? வெளிச்சம் வர்ற பக்கம்னீங்க, எதுன்னு கரெக்டா சொல்லுங்க."

மூட்டை இருக்கிற பக்கம் என்று சொல்லலாம். கிழக்குச் சுவர் என்றும் சொல்லலாம். வேறு தெரு இரண்டு திறந்துதான் கிடந்தன. அளவுக்காரர் இந்தமுறை நேர்த்தெருவிலேயே போனார். கண்ணை மூடாமல், எல்லாரும் பார்க்க, "ஜ… ஜ…" என்று ஆரம்பித்தார்.

"ஜன்னல் ஓரம்" என்று அது வெளியே வந்து சேர வெகுநேரம் பிடித்தது. பொருளாளர் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். அவ்வளவு நேரமும் ஒருவர்கூட ஹலோ சொல்லவில்லை.