நீலம் போடாத அச்சு

தெருவில் அவளைத் தலைக்காரர் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். தலைக்காரர் அவள் புருஷன். பெரிய மனிதர்களின் முகத்தைக் களிமண்ணில் பிடித்து பிளாஸ்டரில் எடுத்துக் கொடுப்பது அவர் தொழில். முழுத் தலை இல்லை, பக்கவாட்டு முகம் மட்டும். சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு வட்டம், அதில் விரல் கனத்துக்குப் புடைத்து நிற்கும் நெற்றி, மூக்கு, தாடை, காது. பதக்கம் அடிக்கிறவர்கள் அதை வாங்கிப்போய், யந்திரத்தில் வைத்து, பித்தளையிலும் வெள்ளியிலும் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி சுருக்கி அடிப்பார்கள். வேலை முடிந்ததும் பிளாஸ்டர் வட்டம் வீட்டுக்கே திரும்பி வரும். வந்ததும் சுவரில் ஏறிவிடும்.

அப்படி நாற்பத்தோரு முகம் முன்னறைச் சுவரில் இருந்தது. ஒரு நீதிபதி, ஒரு கண் டாக்டர், பெரிய பாலம் கட்டின இன்ஜினீயர், வால்நட்சத்திரம் கண்டுபிடித்த அம்மாள், இன்னும் யார் யாரோ. எல்லாரும் இடது பக்கமே பார்த்துக்கொண்டு இருப்பார்கள், பஸ் வருமா வராதா என்று நிற்கிறவர்கள் மாதிரி. தினம் காலையில் அவர்கள் மூக்கு மேலே படிந்த தூசியைத் துடைக்கிறவள் இவள்தான். துடைக்கும்போது மெதுவாக ஒன்றும் துடைக்கமாட்டாள். நீதிபதிக்கு நித்தமும் ஒரு அடி விழும்.

காரணம் இல்லாமல் இல்லை. கல்யாணம் ஆன இரண்டாம் வருஷம் ஒருநாள், வெட்கத்தை விட்டு அவரிடம் கேட்டாள். "ஏங்க, என் மூஞ்சிய ஒண்ணு செஞ்சு தாங்களேன்."

அவர் களிமண்ணில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "உன்ன எப்ப வேணா செஞ்சுக்கலாம். நீ எங்க போகப்போற?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை அவள் நெஞ்சில் மீன் முள்ளாகக் குத்தி நின்றுவிட்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இருபத்தெட்டு வருஷம் நின்றது. செத்துப்போன நீதிபதிக்குப் பத்து நாள், ஒரு நாளும் வீட்டுப் பக்கம் வராத இன்ஜினீயருக்குப் பதினஞ்சு நாள், கூடவே கிடந்து உழைக்கிறவளுக்கு ஒரு சாயங்காலம் கிடையாது. பிளாஸ்டர் முகங்கள் மேலே ஒருத்திக்குப் பொறாமையா என்று கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உயிருள்ள சக்களத்தி ஒருத்தி இருந்தால் தலைமுடியைப் பிடிக்கலாம். இங்கே பிடிக்க முடியைக்கூட பிளாஸ்டரில் அல்லவா செய்து வைத்திருக்கிறார்!

உழைப்பு என்று சும்மா சொல்லவில்லை. களிமண் அவர் வேலை, பிளாஸ்டர் அவள் வேலை. கல்யாணமாகி வந்தபோது வாளியில் பிளாஸ்டர் மாவைக் கொட்டத் தெரியாது. ஆறே மாதத்தில் அவர் கையைவிட அவள் கை சுத்தமாகிவிட்டது. முதலில் களிமண் முகத்தின் மேலே ஒரு மெல்லிய பூச்சு பிளாஸ்டர் ஊற்றவேண்டும். அந்தப் பூச்சில் துணிக்குப் போடுகிற நீலத்தை ஒரு சிட்டிகை கலக்கவேண்டும். அதற்கு மேலே வெள்ளையாகக் கனத்த பூச்சு. இறுகினதும் கவிழ்த்துப்போட்டு, உள்ளே இருக்கிற களிமண்ணைத் தோண்டி எடுத்தால் குழிவான அச்சு கிடைக்கும். களிமண் முகம் அதோடு போயிற்று, பின்னால் திரும்பாது. ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அச்சுக்கு உள்ளே சோப்புத் தண்ணீர் தடவி, நிஜ முகத்துக்கான பிளாஸ்டரை ஊற்றி, அது இறுகினதும் வெளி அச்சை உளியால் தட்டித் தட்டி உடைக்கவேண்டும். வெள்ளை உடையும். பிறகு நீலம் தெரியும். நீலம் தெரிந்தால் முகம் பக்கத்தில் வந்துவிட்டது, கை நிதானிக்கவேண்டும் என்று அர்த்தம். அந்தச் சிட்டிகை நீலம்தான் அந்தத் தொழிலுக்குக் கண்.

இப்படி இருக்கையில்தான் பாடகி வந்து சேர்ந்தாள். நேரில் இல்லை, போட்டோவாக. அவள் பேரில் பதக்கம் அடிக்கப்போகிறோம் என்று ஒரு சங்கத்திலிருந்து செயலாளர் வந்து, ஒரு கவர் நிறையப் போட்டோ கொடுத்துவிட்டுப் போனார். தலைக்காரர் அவற்றைப் பட்டறைச் சுவரில் வரிசையாகக் குத்தி வைத்தார். ரேடியோவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அவள் கச்சேரிக்கு மூன்று தடவை போனார். மூன்று தடவையும் முன்வரிசையில் உட்காராமல், ஓரத்து நாற்காலியாகக் கேட்டு வாங்கி உட்கார்ந்து, பக்கவாட்டில் பார்த்துவிட்டு வந்தார். பத்து நாளில் முடிகிற முகம் நாற்பது நாள் ஆகியும் முடியவில்லை. வாயைச் செய்வார், அழிப்பார், செய்வார், அழிப்பார்.

எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்ற நாத்தனார் இருந்தாள். இரண்டு தெரு தள்ளி வீடு. வாரம் இரண்டு தடவை வருவாள்.

"என்ன அண்ணி, அண்ணன் பாட்டெல்லாம் முணுமுணுக்கிறாரு? நான் பொறந்ததுலேருந்து அவரு வாயில பாட்டு கேட்டதில்லையே."

"பல்லு வலியா இருக்கும்" என்றாள் இவள்.

"சட்டைகூட சலவையா இருக்கு."

"துவைக்கிறவ நான். சலவையாத்தான் இருக்கும்."

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். எனக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு, தெரியாதவள் பட்டறைக்குப் போய் பாடகி முகத்தைப் பார்த்துவிட்டு வந்து, "யப்பா, என்ன கழுத்து!" என்று ஒரு கொள்ளியையும் வைத்துவிட்டுப் போனாள்.

நாற்பத்திமூன்றாம் நாள் தலைக்காரர் மண்கையோடு எழுந்து நின்றார். "முடிஞ்சுது. இனி உன் பாடு. நாளான்னிக்குச் செயலாளர் வந்து வாங்கிட்டுப் போறாரு." சொல்லிவிட்டுக் களிமண் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, அந்த உதட்டோரத்தில் ஒட்டியிருந்த ஒரு துளி மண்ணை வாயால் ஊதினார். மெள்ள ஊதினார்.

அந்த ஊதலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாளியை இழுத்துப்போட்டாள். மாவைக் கொட்டினாள். 'எனக்குக் கண்ணுல தூசி விழுந்தா போய் மூஞ்சி கழுவுங்கிற மனுஷன்' என்று நினைத்துக்கொண்டே கலக்கினாள், ஊற்றினாள், அதன்மேல் கனத்த பூச்சையும் ஊற்றிவிட்டுக் கை கழுவினாள். நீலப் பொட்டலம் ஜன்னல் விளிம்பில் பிரிக்காமல் இருந்தது.

இறுகினபிறகு களிமண்ணைத் தோண்டி எடுத்துக் கழுவும்போதுதான் அச்சின் உட்புறம் வெள்ளைவெளேரென்று இருப்பதைப் பார்த்தாள். நீலமாக இருக்கவேண்டிய இடம். அப்போதே புருஷனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முப்பது வருஷக் கைக்கு நீலம் ஒரு கேடா என்று வீம்பு வந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் தடவினாள், ஊற்றினாள், மூடிவைத்தாள். முதலில் நடந்தது மறதி. இது மறதி இல்லை. இதை அவளே பிற்பாடு ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை உளியை எடுத்தாள். நெற்றியைப் பத்திரமாக எடுத்தாள். மூக்கும் அந்த நாற்பது நாள் வாயும் பழுதில்லாமல் வந்தன. அந்த வாயைப் பார்த்தாளோ இல்லையோ, மறுபடியும் பொங்கியது. மூடின வாய்தான். ஆனால் இப்போதுதான் பாடி முடித்த மாதிரி, காற்று இன்னும் உள்ளே இருக்கிற மாதிரி இருந்தது. இப்படி ஒரு வாயைச் செய்ய எத்தனை நேரம் பார்த்திருக்கவேண்டும்! உளியைத் தூக்கி அடுத்த அடி அடித்தாள். வெள்ளைக்கு அடியில் வெள்ளை. எது அச்சு, எது முகம் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. பொத்தென்று ஒரு சில்லு மடியில் விழுந்தது. திருப்பிப் பார்த்தாள். பாடகியின் காது.

முழுசாக இல்லை. மேல்பாதி. அதுவும் மூன்று துண்டாக.

சத்தம் நின்றதைக் கேட்டுத் தலைக்காரர் உள்ளே வந்தார். சில்லைப் பார்த்தார், வெள்ளையாகக் கிடந்த அச்சுத் துண்டைப் பார்த்தார், ஜன்னல் விளிம்பில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார். அவருக்குச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவள் சொன்னாள்.

"நீலம் போடல. மொதல்ல மறந்துட்டேன். அப்புறம் தெரிஞ்சுது. தெரிஞ்சும் சொல்லல."

"ஏன்?"

"அவளுக்கு நீலம் ஒரு கேடான்னு."

கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும், தானும் பதிலுக்கு இருபத்தெட்டு வருஷத்தையும் கொட்டிவிடலாம் என்று வாயைத் தயாராக வைத்திருந்தாள். மனிதர் கத்தவில்லை. மிச்ச அச்சைத் தானே பொறுமையாக உடைத்து எடுத்தார். உடைந்த இடத்தைத் தண்ணீரால் நனைத்தார். ஒரு கிண்ணத்தில் பிளாஸ்டரைக் கெட்டியாகக் கலந்து அங்கே அப்பினார். சின்னக் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போய் உன் எடத்துல உக்காரு" என்றார்.

"எந்த எடத்துல?"

"எப்பவும் வாளிய வச்சுக்கிட்டு உக்கார்ற எடம். ஜன்னல்கிட்ட."

"எதுக்கு?"

"காதுக்குத்தான்."

"அவ காதுக்கு நான் எதுக்கு?"

"அவ காத யாரு பாத்தா? எல்லாப் போட்டோலயும் முடி மூடியிருக்கு. கச்சேரியிலயும் அப்படித்தான். திரும்பாம உக்காரு, வெளிச்சம் போயிடும்."

அவள் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இடது கன்னம் அவர் பக்கம். அவர் ஒருமுறை அவளைப் பார்ப்பார், ஒருமுறை வட்டத்தைப் பார்த்துச் சுரண்டுவார். நிமிர்ந்து பார்க்கும் பார்வையில் ஆராய்ச்சி இல்லை. வீட்டுச் சாவி மாட்டியிருக்கிற ஆணியைப் பார்க்கிற மாதிரி ஒரு பழக்கம்தான் இருந்தது. அதுதான் அவளைச் சந்தேகப்பட வைத்தது.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது என் காத வச்சு செஞ்சிருக்கீங்களா?"

"எப்பவாவதா?" அவர் கத்தியை ஊதினார். "எவன் காது சரியாத் தெரியுது போட்டோல? பாதிப் பேருக்குத் தொப்பி, பாதிப் பேருக்கு முடி. செத்தவங்க காத எங்க போய்க் கேக்கிறது? நிமிந்தா நீ உக்காந்திருக்க. செஞ்சுக்கிட்டேன்."

அவள் எழுந்தாள். "திரும்பாதன்னு சொன்னேனே" என்று அவர் சொன்னது காதில் விழவில்லை. முன்னறைக்குப் போனாள். தன் காதைத் தான் பக்கவாட்டில் பார்த்தவர் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? அதனால் அவள் கண்ணை நம்பவில்லை, விரலை நம்பினாள். அவள் காதின் மேல்விளிம்பில் துணியின் ஓரத்தை மடித்துத் தைத்த மாதிரி ஒரு சின்ன மடிப்பு உண்டு. குழந்தையிலிருந்து இருக்கிறது. ஒரு கையால் அதைத் தொட்டுக்கொண்டாள். மறு கையால் நீதிபதியின் காதைத் தொட்டாள். மடிப்பு. கண் டாக்டர். மடிப்பு. இன்ஜினீயருக்குத் தொப்பி, ஆனால் தொப்பிக்குக் கீழே தெரிந்த கொஞ்சத்தில் அவள் காதின் கீழ்த்துண்டு. நாற்காலி போட்டு ஏறினாள். வால்நட்சத்திரத்து அம்மாள், மடிப்பு. இத்தனை வருஷம் தினம் துடைத்து, அடித்து, மனசுக்குள் திட்டித் தீர்த்ததெல்லாம் தன் காதையே.

எல்லாரும் ஏன் இடது பக்கமே பார்க்கிறார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஜன்னல் அந்தப் பக்கம். வாளி அந்தப் பக்கம். அதைப் பார்த்து உட்கார்ந்தால் அவளுடைய இடது காதுதான் அவருக்குத் தெரியும்.

இதைக் கேட்டால், அவள் கண்ணீர் விட்டு அவர் காலில் விழுந்திருப்பாள் என்று நினைப்பீர்கள். அவள் அந்த ரகம் இல்லை. நாற்காலியில் இருந்து இறங்கி, சேலையை உதறி, பட்டறைக்கு வந்தாள்.

"நாப்பத்தோரு பேருக்குக் காது குடுத்தவளுக்கு ஒரு மூக்கு கெடையாதா? ஒரு வாய் கெடையாதா?"

"இந்தா, கோவத்துல காத செவப்பாக்கிக்காத. வடிவம் மாறிடுது."

"பேச்ச மாத்தாதீங்க. அந்த வாய்க்கு நாப்பது நாளு."

"அது பாடற வாய். மூடினா அவ இல்ல, தெறந்தா பதக்கத்துல அசிங்கம். அதுக்குத்தான் நாப்பது நாளு. வேற என்னன்னு நெனச்ச?"

"நான் ஒண்ணும் நெனைக்கல. உங்க தங்கச்சி நெனச்சா."

தலைக்காரர் முதல்முறையாகக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, "சரி, இவள அனுப்பிட்டு மறுநாளே ஆரம்பிக்கிறேன்" என்றார்.

பாடகி புதுக் காதோடு செயலாளர் கையில் போய்ச் சேர்ந்தாள். சங்கத்தார் மெச்சினார்கள். பதக்கம் அடித்தார்கள். காதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

சொன்ன வாக்குப்படி மறுநாளே அவர் ஆரம்பித்தார். பன்னிரண்டு நாள் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அதிலும் ஒரு வில்லங்கம். காதைச் செய்யும்போது அடிக்கடி நிமிர்ந்து பார்த்த மனிதர், முகத்தைச் செய்யும்போது நிமிரவே இல்லை. களிமண்ணோடு மண்ணாகக் குனிந்துகொண்டார். "இங்க ஒருத்தி கழுத்து வலிக்க உக்காந்திருக்கேன்" என்றால், "ம்" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார். கடைசியில் அந்த மண் உதட்டோரத்தையும் வாயால் மெள்ள ஊதினார். அவள் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டே அச்சு ஊற்றினாள். நீலத்தை மட்டும் இரண்டு மடங்கு போட்டாள்.

நீதிபதிக்கும் வால்நட்சத்திரத்து அம்மாளுக்கும் நடுவில், பாதகமில்லாத இடமாகப் பார்த்து மாட்டினார்கள். நாத்தனார் வந்தாள்.

"யாரு அண்ணி இது? பாடகியோட தங்கச்சியா?"

"கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாரு. நான்தான்."

"நீங்களா! அண்ணன் மனசு வச்சுச் செஞ்சிருக்காரு. நேர்ல இவ்வளவு இல்லையே."

போகிற போக்கில் வைத்த கொள்ளிதான். ஆனால் பற்றிக்கொண்டது. அதற்கப்புறம் அவள் கவனித்தாள். சாயங்காலம் தலைக்காரர் டீயை எடுத்துக்கொண்டு அந்த வட்டத்துக்கு எதிரேதான் உட்காருகிறார். ஒரு வாய் குடிக்கிறார், ஒரு பார்வை பார்க்கிறார். சுவரில் இருக்கிறவளுக்கு நெற்றியில் சுருக்கம் பாதிதான். தாடையில் தொங்கல் இல்லை. வாயில் ஒரு சாந்தம், சாதாரணமாக இவள் வாயில் யாரும் பார்க்காத சாந்தம். வாளியும் தூக்கவேண்டாம், துணியும் துவைக்கவேண்டாம், சும்மா இடது பக்கம் பார்த்துக்கொண்டு சொகுசாக இருக்கிறாள்.

மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் கை துடைக்கிற துண்டோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அங்க என்ன பாக்கிறீங்க?"

"உன்னத்தான்."

"என்னயா? நான் இங்க நிக்கிறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் அவள் போய், அந்த ஈரத் துண்டை வட்டத்தின் மேலே போட்டு மூடினாள். மூக்கு மட்டும் துணிக்கு அடியில் துருத்திக்கொண்டு நின்றது. தலைக்காரர் டீயைக் கையில் வைத்தபடி வேறு வழியில்லாமல் இந்தப் பக்கம் திரும்பினார்.