ஆரோக்கியண்ணன் வீட்டில் கரையான்

காலையில் அலுவலகத்தைத் திறந்து நாற்காலியில்கூட உட்காரவில்லை, போன் அடித்தது. வழக்கம்போல, "வணக்கங்க, என்ன பூச்சிங்க, எந்த ஏரியாங்க?" என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். தேளைப் பார்த்துவிட்டு அழுகிறவர்கள் எங்களுக்குப் புதிதில்லை. "பயப்படாதீங்க, கதவைச் சாத்திப்போட்டு வெளிய வந்து நில்லுங்க. இப்பவே ஆள் அனுப்பறேன்" என்றேன். "அக்கா, நான் ஜெனிபர் பேசறேன். அப்பா போயிட்டாரு" என்றாள். நான் அனுப்புவதாகச் சொன்ன ஆள் அவளுடைய அப்பாதான்.

விடிந்ததும் டீ குடித்திருக்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. மகள் பெங்களூரிலிருந்து கிளம்பிக்கொண்டே எனக்குச் சொல்கிறாள். போனை வைத்துவிட்டு அன்றைக்கு வேலை இருந்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். "இன்னைக்கு ஆரோக்கியண்ணன் வர முடியாதுங்க." ஒரு வீட்டில், "அப்ப நாளைக்கு வந்துருவாருங்களா?" என்று கேட்டார்கள். "பாக்கறேனுங்க" என்றேன். என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் இல்லை. அடுத்த வீட்டின் நம்பரைப் போட்டேன்.

இந்தக் குடியிருப்போர் மலரைப் படிக்கும் உங்களில் பலருடைய அடுக்களை வரைக்கும் ஆரோக்கியசாமி வந்திருக்கிறார். தடாகம் சாலையிலும் ஆனைகட்டி போகும் வழியிலும் மலையைப் பார்த்தபடி வீடு கட்டிக் குடிவந்த நீங்கள்தான் அவரைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். நாங்கள் இருவரும் ஒரு கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்து, பிறகு பிரிந்து வந்து வடவள்ளியில் சொந்தமாகப் பூச்சி மருந்துத் தொழில் ஆரம்பித்தவர்கள். போன் எடுப்பது நான், வீடு ஏறுவது அவர். ஆள் குறைந்தால் நானும் மருந்து அடிக்கப் போவேன். படிக்கிறவர் கண் கலங்கும்படி எழுத எனக்கு வராது. எழவு வீட்டில் நான் அழவே இல்லை. "உனக்கென்ன சாந்தாமணி, கல்லாட்டம் நிக்கறே?" என்று என் வீட்டுக்காரரே கேட்டுவிட்டார்.

அழாமல் நான் என்ன செய்தேன் என்றால், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணுவாயில் அவருடையது ஓட்டு வீடு. கூடத்தில் பெட்டியில் அவரைக் கிடத்தி, சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பீரோவுக்குப் பின்னாலிருந்து விரல் பருமனில் ஒரு மண் கோடு கிளம்பி, சுவரில் ஏறி, விட்டத்துக்குள் போய் மறைந்தது. கரையான். நேற்று வந்ததில்லை, வருசக் கணக்கில் வந்தது. அந்த விட்டத்துக்கு நேர் கீழேதான் கட்டில். இனிமேல் லூர்தக்கா, அவருடைய மனைவி, அந்தக் கட்டிலில் தனியாகப் படுக்கப்போகிறார். எனக்கு வந்தது துக்கமில்லை, கோபம். ஊர் வீட்டுக் கரையானையெல்லாம் ஒழித்த மனிதர் தன் வீட்டில் குடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எழுந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் ஆள் பெட்டியில் கிடக்கிறார்.

அவரோடு வேலை பார்த்தது சிரிப்பும் சண்டையும்தான். இந்த மலையடிவாரத்தில் வெயில் முற்றினால் தேள் குளியலறைக்கு வரும். முதல் மழைக்கு ஈசல், மழை ஓய்ந்தால் பூரானும் மரவட்டையும். உங்களில் சிலர் கூடவே பல்லியையும் ஒழிக்கச் சொல்வீர்கள். "பல்லி நம்ம கம்பெனி ஆளுங்கம்மா. சம்பளமே இல்லாம வேலை பாக்குது, அதப் போயி வேலைய விட்டு எடுக்கச் சொல்றீங்களே" என்பார். நீங்களும் சிரித்துவிட்டு விட்டுவிடுவீர்கள். உண்மையைச் சொல்கிறேன், பல்லியென்றால் அவருக்கு உயிரே போய்விடும். ஒரு வீட்டில் ஸ்டூல் மேல் நின்று மருந்து அடித்துக்கொண்டிருந்தவர் தோளில் பல்லி விழுந்து, ஸ்டூல் ஒரு பக்கம், ஸ்பிரேயர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அந்த வீட்டம்மா ஓடிப்போய்க் காலண்டரை எடுத்து வந்து, "எந்தத் தோளுங்க?" என்று கேட்டார். வலது தோள் என்றதும், "வெற்றின்னு போட்டிருக்குதுங்க" என்றார். தரையில் கிடந்தபடியே அண்ணன், "வெற்றி பல்லிக்குத்தானுங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிற மனிதர், அப்புறம் வண்டியில் வரும்போது, "நெசமாவே வெற்றின்னு போட்டிருந்துச்சா அம்மணி?" என்று என்னிடம் இன்னொரு முறை கேட்டார்.

தப்பும் செய்வார். கரையானுக்குச் சுவரோரமாகத் தரையில் வரிசையாகத் துளை போட்டு மருந்து இறக்குவோம். விடிந்தால் கிரகப்பிரவேசம், வாசலில் வாழைமரம் கட்டியாகிவிட்டது, அப்படிப்பட்ட ஒரு வீட்டில் துளை போடும்போது தரைக்குள் போன தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டார். பைப்பு எந்தப் பக்கம் போகிறது என்று கொத்தனாரைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. தண்ணீர் இன்னும் மேலே வரக்கூட இல்லை. அவர் டிரில்லரைக் கீழே வைத்துவிட்டு நேரே வீட்டுக்காரரிடம் போய், "ஏனுங்க, பைப்ப ஒடச்சுப்போட்டேனுங்க. நாந்தான்" என்றார். வீட்டுக்காரர் கத்தினார். மாமியார் மருமகள் எல்லோரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீர் தள்ள, அவரும் கூடவே தள்ளினார். தண்ணீர் தள்ளிய கையோடு மறுநாள் பந்தியில் உட்கார்ந்து பாயசமும் குடித்தார், அவர்களே வற்புறுத்திக் கூப்பிட்டார்கள். என்னிடம் சொன்னார்: "தப்ப நாம முந்திச் சொல்லிப்போடோணும் அம்மணி, தண்ணி வந்து சொல்றதுக்குள்ள."

அப்படிப்பட்டவர், தன் வீட்டில் மட்டும் பொய் சொன்னார். "அடுத்த வாரம் நம்மூட்டுக்கு அடிச்சரலாம் லூர்து." இதைச் சொல்லும்போது முகத்தைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியாது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன லூர்தக்கா ஒருநாள் அலுவலகத்துக்கே போன் செய்தார். குரலை மாற்றிக்கொண்டு, "ஏனுங்க, எங்கூட்ல கரையானுங்க. கணுவாய்ங்க" என்றார். எனக்குக் குரல் தெரிந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல், "நாளைக்கு ஆள் வருவாருங்கம்மா" என்று சொல்லி, மறுநாள் வேலையில் அந்த வீட்டையும் சேர்த்துவிட்டேன். அண்ணன் தெருவுக்குள் வண்டியைத் திருப்பும்போதுதான் தன் வீடு என்று உறைத்திருக்கிறது. லூர்தக்கா வாசலில் நின்று, "வாங்க, உள்ள வாங்க" என்று வெளியாளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு, காப்பி கொடுத்திருக்கிறார். அவரும் "கரையான் எந்தப் பக்கமுங்க?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே குடித்திருக்கிறார். டிரில்லரை எடுத்து வயரைப் பிரிக்கும்போது போன். ஆனைகட்டி வழியில் ஒரு வீட்டில் குழந்தையின் தொட்டில் துணியில் தேள். "இது அவசரம் லூர்து. நம்மூடு எங்க போயிரப் போகுது?" என்று வயரைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். போனது சரிதான். அதற்குப் பிறகாவது வந்திருக்கலாம். வரவில்லை. எங்களுக்கு இந்தக் கதை ரொம்ப நாள் சிரிக்கக் கிடைத்தது.

அடக்கம் முடிந்த மறுவாரம் லூர்தக்காவிடம் போய், "மருந்து அடிச்சரலாங்கக்கா, விட்டம் உள்ளுக்குள்ள போயிருச்சு" என்றேன். கட்டில்மேல் உதிர்ந்திருந்த மண்ணைக் கையால் கூட்டித் தள்ளிக்கொண்டே, "நாந்தான் புக் பண்ணியிருக்கறனே கண்ணு" என்றார். எனக்குப் புரியவில்லை. "ஆள் வர்றேன்னு சொல்லியிருக்குது. அவரே வருட்டும்" என்றார். குரலில் அழுகை இல்லை, பிடிவாதம்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னார். ஜெனிபர் பெங்களூருக்குக் கூப்பிட்டும் போகவில்லை. கட்டிலையாவது கூடத்தில் போடுங்கள் என்றேன், அதற்கும் மாட்டேன் என்றுவிட்டார். எங்களிடம் வேலை பார்க்கும் குமாரை அனுப்பிப் பார்த்தேன். அவனுக்கும் சோறு போட்டு அனுப்பிவிட்டார்.

ஒவ்வொரு நாள் காலையிலும் அவருக்குப் போன் செய்வேன். எடுத்தால் வைத்துவிடுவேன். உயிரோடு இருக்கிறார், அன்றைக்கு அது போதும். மற்றபடி என் வேலை நடந்தது. போன் எடுத்தேன், என்ன பூச்சி என்று கேட்டேன், குமாரை அனுப்பினேன், சாப்பிட்டேன். சாப்பிட்டது என்ன என்று கேட்டால் தெரியாது.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு உறவுக்காரர்கள் வருவார்கள் என்று லூர்தக்கா ஒட்டடை அடித்திருக்கிறார். குச்சி விட்டத்தில் பட்டதும், இடிக்காமலே உள்ளே போய்விட்டதாம். பெயருக்குத்தான் மரம், உள்ளே வெறும் மண். ஓடு ஒன்று நழுவித் தலையணைமேல் விழுந்தது. அன்று மத்தியானம் அலுவலகத்தில் போன் அடித்தது. "ஏனுங்க, எங்கூட்ல கரையானுங்க" என்றது குரல். இந்த முறை அவர் குரலை மாற்றவில்லை. "எந்த ஏரியாங்கம்மா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. "கணுவாய்ங்க" என்றார்.

குமாரும் நானும் போனோம். கெட்டுப்போன விட்டத்துக்குப் பக்கத்தில் ஆசாரியை வைத்துப் புது மரம் கொடுத்து நிறுத்தினோம். தரையில் துளை போட்டு மருந்து இறக்கினோம். மிச்ச மரத்துக்கெல்லாம் மண்ணெண்ணெயில் கலந்த மருந்தை நானே பிரஷ்ஷில் பூசினேன். லூர்தக்காவைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்துவிட்டு வீட்டைச் சாத்தினோம். சாயங்காலம் மூக்கில் துணி கட்டிக்கொண்டு நான் உள்ளே போனேன். எல்லாச் சன்னலையும் திறந்து, காற்று ஓடி, நெடி போன பிறகுதான் வீட்டுக்காரர் உள்ளே வர வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற யாருக்கும் இது தெரியும். யார் கெஞ்சினாலும் ஆரோக்கியண்ணன் இதை விட்டதில்லை. முன்னறைச் சன்னல் கொக்கியில் கை வைத்தேன். புறவாசல் வழியாக லூர்தக்கா வந்து நின்றார்.

"அக்கா, வெளிய இருங்க. இன்னும் ஆறலை."

அவர் கேட்கவில்லை. கட்டில் பக்கம் போய் மூச்சை இழுத்தார். "தெனமும் இந்த நாத்தத்தோடதான் வருவாரு. உள்ள வராதீங்கன்னு வெளியவே நிறுத்தித் தண்ணி ஊத்திக்கச் சொல்லுவேன்." கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "சன்னலத் தொறக்காத கண்ணு. சித்த நேரம் இப்படியே இருக்கட்டும்."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. துணிக்கு மேலாகவும் அந்த நெடி வந்தது. எத்தனையோ வருசம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டீ குடித்த மனிதரின் வாசம் அது. கொக்கியில் வைத்த கையை எடுக்கவும் முடியவில்லை, இழுக்கவும் முடியவில்லை. லூர்தக்கா இரும ஆரம்பித்தார். இருமிக்கொண்டே, வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

திறந்தேன். முன்னறை, படுக்கையறை, அடுக்களை, எல்லாவற்றையும் திறந்தேன். மலைப்பக்கத்துக் காற்று ஒரே மூச்சில் உள்ளே வந்தது. கடைசிச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குமார் பார்க்கிறான் என்றுகூடப் பாராமல், ஆரோக்கியண்ணனுக்காக அன்றுதான் அழுதேன்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அலுவலகத்து ஆணியில் தொங்கிய சட்டையையும் லூர்தக்காவிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டாலும் சன்னலைத் திறக்கிற கை ஒன்று அண்ணனுக்கு இருந்தது. அதை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். லூர்தக்கா இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதே அறையில், அதே கட்டிலில்தான் தூங்குகிறார்.