உயிருள்ள சொல்லின் தலையில் ஒரு நட்சத்திரம்

1931 மார்ச் 14 அன்று வெளியான வட்டாரச் சொல்லாய்வுச் சங்க இதழ், நாற்பத்திரண்டாம் பக்கத்தில், ஹிஸ்கெ பாப்பிங்கா என்னும் பால் கறக்கும் பெண்ணை இல்லாதவளாக்கியது. ஹாபோ வியார்ட்ஸ் சங்கத்தின்மேல் சுமத்தும் குற்றம் இதுவே.

ஹாபோ, ஜெர்மனியின் வடகடலோரத்துக் கிழக்கு ஃப்ரீஸ்லாந்தின் பால் சோதகர். பதினொரு வயதில் பள்ளியை விட்டவர். இருபத்தேழு ஆண்டுகளாகப் பண்ணை பண்ணையாகச் சைக்கிளில் போய், பாலின் கொழுப்பை அளந்து எழுதுபவர். அவர் பெட்டியில் ஒருபுறம் மாதிரிக் குப்பிகள், மறுபுறம் சொற்சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் சொல், சொன்னவர் பெயர், பண்ணை, நாள். எல்லாவற்றுக்கும் வீட்டு அலமாரியில் ஒரு நகல் உண்டு.

இந்தப் பழக்கம் வந்த வழி விசித்திரமானது. காலமான ஒரு பாதிரியாரின் புத்தகக் குவியலில் ஒரு பழைய இலக்கண நூல் அவர் கையில் சிக்கியது. பிரித்த பக்கத்தில், தினமும் காதில் விழும் வினைச்சொல்லே நின்றது: பால் கறப்பது. ஜெர்மானிய மொழிகள் பிரிவதற்கு முன், எழுத்தே இல்லாத காலத்தில், அந்த மக்கள் அதை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று அறிஞர்கள் கணித்திருந்தார்கள். ‘கற’ என்பதற்கு ‘மெல்க்’. ‘கறந்தேன்’ என்பதற்கு ‘மல்க்’. ‘கறந்தோம்’ என்பதற்கு ஏறத்தாழ ‘முல்கும்’. ‘கறந்தார்கள்’ என்றால் ‘முல்குன்’. காலம் மாறினால் சொல்லின் வயிற்றிலேயே உயிரொலி மாறியது. கிரேக்கரிடமும் ரோமரிடமும் லித்துவேனியக் குடியானவரிடமும் அதன் பங்காளிகள் இருந்தார்கள். ஒவ்வொரு கணிப்பின் முன்னும் ஒரு சிறு நட்சத்திரம். யாரும் செவியால் கேட்டதில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

1924 ஜூன் 3, மாலைக் கறவை. மேய்ச்சல் வெளியில் பசுவின் விலாவில் நெற்றியை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள் ஹிஸ்கெ.

“நேத்து இந்நேரம் என்ன பண்ணீங்க?” என்று கேட்டார் ஹாபோ.

“என்னத்த பண்ணுவாங்க சோதகரய்யா, சீமாட்டியோட நடனமா ஆடினோம்? நாங்க முல்கன். நேத்தும் முல்கன், முந்தாநேத்தும் முல்கன்!”

ஹாபோவின் பென்சில் நின்றது. கடைசி அசை மட்டும் தேய்ந்திருந்தது. நடுவில் அந்த ‘உ’ அப்படியே இருந்தது. எத்தனை அரசுகள், எத்தனை வெள்ளங்கள், எத்தனை மதங்கள் கடந்து போயின! எந்த ஏட்டிலும் ஏறாமல், வாயிலிருந்து வாய்க்கு, பசுவின் மடியடியிலேயே அந்த ஒலி இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது. கோயிலில் நிற்பவரைப் போல அவர் தொப்பியைக் கழற்றினார்.

“ஏன், தலை அரிக்குதா?” என்றாள் ஹிஸ்கெ.

ஆறாண்டு உழைத்து, முப்பத்தொரு சீட்டுகளுடன் அவர் சங்க இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். அச்சில் ‘முல்கன்’ சொல்லுக்கு முன்னாலும் ஒரு நட்சத்திரம் முளைத்திருந்தது. ஹிஸ்கெயின் பெயர் கொண்ட அடிக்குறிப்பைக் காணோம்.

ஹாபோ நகரத்துக்குப் போனார். சங்கச் செயலாளர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

“பால் சோதிக்கிறவர் கேட்டேன்னு சொன்னா, அதை எப்படிங்க சாட்சியமா போடறது?”

“அப்ப நீங்களே வந்து கேளுங்க.”

“சாணி மிதிக்கவா? அட விடுங்க ஹாபோ, ஒரு பொட்டு மை தானே!”

செயலாளர் எழுத்தில் எதுவும் தரவில்லை. மூன்றாவது கோப்பையையும் குடித்து முடிக்காமல் எழுந்து வருவது அந்த ஊரில் பெரிய அவமதிப்பு. ஹாபோ முதல் கோப்பையிலேயே எழுந்து வந்தார்.

மறுநாள் பக்கத்தை ஹிஸ்கெயிடம் காட்டினார்.

“இது என்ன, நசுங்கின ஈயா?”

“நட்சத்திரம்.”

“எனக்கா? பரவாயில்லையே!”

“இந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லைன்னு அர்த்தம்.”

“அப்ப இந்த வாளிய ரொப்பினது யாரு, பேயா?” என்று சிரித்தாள். பிறகு அவள் கைகள் காம்பில் அசையாமல் நின்றன. “எங்கம்மாவும் இப்படித்தான் சொல்லுவா. அவளும் இல்லையா?”

ஹாபோ அவள் சொல்லைக் குறித்திருந்த சீட்டை நீட்டினார். அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிக் கையெழுத்திட்டாள். அந்த வாரத்துக்குள் ஆறு பண்ணைகளில் இன்னும் பதினோரு பெண்கள், தாங்களும் ‘முல்கன்’ என்றே சொல்வதாகக் கையெழுத்திட்டனர்.

இதழ்கள் மே முதல் நாள் தொகுதியாக அச்சேறவிருந்தன. அதன்பின் நூலகங்களில் அந்த நட்சத்திரம் நிலைத்துவிடும். ஏப்ரல் 6 அன்று ஹாபோ சங்கத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினார்:

“பன்னிரண்டு சாட்சிகளின் கையெழுத்துகள் இத்துடன் உள்ளன. நட்சத்திரம் கேளாத சொல்லுக்கு உரியது. நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அதை நீக்கி, ஹிஸ்கெ பாப்பிங்காவின் பெயரை அடிக்குறிப்பில் சேர்க்க வேண்டும். மறுப்பீர்களானால், இப்பெண்கள் பேசவில்லை என்பதற்கு உங்கள் ஆதாரம் என்ன? பதினான்கு நாட்களுக்குள், செயலாளரின் கையொப்பத்துடன், எழுத்து மூலமாகப் பதில் தருக.”