நானூற்றுப் பன்னிரண்டாம் எண்ணும் என் சிவப்புப் பேனாவும்

இயந்திரம் மக்கர் செய்யும் என்று பயந்துகொண்டுதான் முதல் முறை தேர்தல் பணிக்குப் போனேன். அது நாள் முழுக்க ஒழுங்காக ஓடியது. தப்புச் செய்தது நான்.

எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு ஆசிரியைகளுக்கு இப்போது பணி ஆணை வந்திருக்கிறது. "அக்கா, எப்படி இருக்கும்?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது சரியான பதில் இல்லை என்று தோன்றியது. அதனால் நடந்ததை எழுதிக் கொடுக்கிறேன்.

1. முதல் மேசை

என்னை முதல் வாக்குப்பதிவு அலுவலராகப் போட்டிருந்தார்கள். தியாகராய நகரில் ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்பறைதான் வாக்குச்சாவடி.

வாக்காளர் உள்ளே வந்ததும் அவருடைய அட்டையை வாங்கிப் பட்டியலில் அவர் கட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வரிசை எண்ணையும் பெயரையும் சத்தமாகப் படிக்க வேண்டும். பின்னால் இருக்கும் கட்சி ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் அதே எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். பிறகு நான் சிவப்பு மையில் கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு போடுவேன். பெண் என்றால் எண்ணைச் சுற்றி ஒரு வட்டமும். அது விழுந்துவிட்டால் அவருடைய ஓட்டு முடிந்தது என்று அர்த்தம். இரண்டாம் மேசையில் விரலுக்கு மை, பதிவேட்டில் கையெழுத்து. மூன்றாம் மேசையில் இயந்திரம்.

விடிந்ததும் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, அந்த ஓட்டுகளை அழித்தோம். அதன் பிறகு தலைமை அலுவலரிடம் மூன்று முறை கேட்டேன்.

"சார், கிளியர் பண்ணிட்டோம்ல?"

"டீச்சர், ஜீரோ வந்தத நீங்களே பாத்தீங்க."

பார்த்தேன்தான். இருந்தாலும் கேட்டேன்.

ஏஜெண்டுகளில் இரண்டு பேர் மட்டும்தான் விடாமல் பேசினார்கள். ஜாகிர் பாய் தையல் கடை வைத்திருப்பவர். தனபாலுக்கு செல்போன் ரிப்பேர் கடை. எதிரெதிர்க் கட்சி, ஒரே தெரு.

"இன்னா பாய், உங்க ஆளுங்க இன்னும் தூங்கிக்கினு கீறாங்களா?"

"நீ எண்ணிக்கினே இரு நைனா. ரிசல்ட் அன்னிக்குப் பேசிக்கலாம்."

இப்படிப் பேசிக்கொண்டே ஒரு டீயை இரண்டு கப்பில் ஊற்றிக் குடித்தார்கள்.

2. ஐந்தா, நாலா

அப்போது என் மகள் நிலாவுக்கு இரண்டு வயது. ஜுரத்தோடு அவளை ஆதம்பாக்கம் வீட்டில் கணவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். செல்போனை அணைத்துப் பையில் வைக்கச் சொல்லிவிட்டதால், வாசலில் பூத் ஸ்லிப் கொடுக்கும் அங்கன்வாடி அக்காவின் எண்ணைக் கணவருக்குத் தந்திருந்தேன்.

பதினொரு மணிக்கு அந்த அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார். "டீச்சர், பாப்பாக்கு ஜுரம் எறங்கலயாம். மருந்து எத்தன எம்.எல். குடுக்கணும்னு உங்க வீட்டுக்காரர் கேக்கறார்."

"அஞ்சு."

சொன்ன உடனே நாலோ என்று சந்தேகம் வந்தது. எதிரில் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி அட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். பெயர் விஜயா. பக்கத்தைப் புரட்டினேன், விஜயா என்று கண்ணில் பட்டது, எண்ணைப் படித்தேன், கோடு போட்டேன், வட்டம் போட்டேன். அவர் நகர்ந்ததும் அக்காவை மறுபடி கூப்பிட்டு, "நாலுன்னு சொல்லுங்க" என்றேன்.

சந்தேகப்பட்டது சரி. ஆனால் பட்டியலில் பட வேண்டிய சந்தேகத்தை மருந்தில் பட்டேன்.

3. உறைக்குள் போகும் ஓட்டு

மதியம் இன்னொரு விஜயா வந்தார். தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுபவர். அவருடைய எண் நானூற்றுப் பன்னிரண்டு. அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே என் கோடும் வட்டமும் இருந்தன.

"உங்க பேர்ல ஓட்டு பதிவாயிடுச்சேம்மா" என்றேன்.

"இன்னாது? இப்பத்தான் பொட்டிய எறக்கி வெச்சுட்டு வரேன். எவ போட்டா?" கோபத்தைவிட அசதிதான் அந்தக் குரலில் அதிகம். "போன தபா பேரே இல்லன்னு அனுப்சுட்டாங்க. நாலு தபா அலஞ்சு, ஆள வெச்சு ஃபாரம் எய்திக் குடுத்து பேர ஏத்துனேன். இப்ப பேரு கீது, ஓட்டு இல்லியா?"

தனபால் எழுந்துவிட்டார். "சார், இது கள்ள ஓட்டு. சும்மா உட முடியாது."

"எங்காளுதான் போட்டாங்கன்றியா?" என்றார் ஜாகிர் பாய். காலையில் இருந்த சிரிப்பு இருவரிடமும் இல்லை.

தலைமை அலுவலர் நடுவில் வந்தார். "இதுக்கு ரூல் இருக்கும்மா. டெண்டர் ஓட்டுன்னு பேரு. காகிதச் சீட்டு தரேன். முத்திர குத்திக் குடுங்க. கவர்ல போட்டு சீல் வெச்சுடுவோம்."

"அத எண்ணுவாங்களா?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "சாதாரணமா எண்ண மாட்டாங்க. கேஸ் போயி கோர்ட்டு கேட்டாத்தான்."

"எண்ணாத ஓட்ட நான் எதுக்கு சார் போடணும்? போயி துணியாவது தேய்க்கறேன்."

விஜயா வாசல் பக்கம் திரும்பினார். நான் பட்டியலைப் பார்த்தேன். நான் வட்டமிட்ட கட்டத்தில் இருந்த படம் இவருடையதுதான். அதே பக்கத்தில், நானூற்று இருபத்தொன்றில் இன்னொரு விஜயா. கண்ணாடி போட்ட முகம். அந்தக் கட்டம் சுத்தமாக இருந்தது.

உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. மெமோ வரும், சஸ்பெண்ட் செய்வார்கள், வீட்டுக் கடன், நிலா என்று மனசு ஓடியது. பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. உறை, சீல், எல்லாம் விதிப்படிதான். விஜயா வாசற்படியில் கால் வைத்த பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

"சார், கள்ள ஓட்டு இல்ல. நான்தான் கட்டம் மாத்திக் கோடு போட்டுட்டேன்."

4. இரண்டு பட்டியல்கள்

"நீங்க சொன்னா ஆச்சா மேடம்? ஆதாரம் வேணாமா?" என்றார் தனபால். நியாயமான கேள்வி.

தலைமை அலுவலர் இருவருடைய பட்டியலையும் வாங்கிப் பார்த்தார். தனபால் நான் படித்தபடியே நானூற்றுப் பன்னிரண்டைக் குறித்திருந்தார். ஜாகிர் பாயின் பட்டியலில் குறி நானூற்று இருபத்தொன்றில் இருந்தது.

"வந்தது ரெண்டாவது மாடி விஜயாம்மா சார். அவங்க ப்ளவுஸ் எல்லாம் எங்கடைலதான் தைக்கறது. ஆளப் பாத்து போட்டேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே பாய்?" என்றேன்.

"டீச்சர் போயி தப்பாப் படிப்பாங்களான்னு உட்டுட்டேன்."

பதிவேட்டைப் புரட்டினோம். அந்த எண்ணுக்கு நேரே ஆங்கிலத்தில் சாய்வாக ஒரு கையெழுத்து. "எனக்குத் தமிழ்லயே மூணு எய்த்துதான் வரும்" என்றார் இஸ்திரி விஜயா.

தலைமை அலுவலர் வெளியே போய் மண்டல அலுவலரிடம் போனில் பேசினார். எண்ணைத் திருத்தி, டைரியில் நடந்ததை எழுதி, என் பெயரையும் எழுதினார். தனபால் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "தப்ப ஒத்துக்கினாங்க. உடு பாய்" என்று பேனாவை ஜாகிர் பாயிடம் நீட்டினார்.

காலையிலிருந்து இயந்திரத்தின் பீப் ஒலியை எத்தனையோ முறை கேட்டு, கேட்காதவள் போல் ஆகியிருந்தேன். விஜயா பொத்தானை அழுத்தியபோது கடைசி வரைக்கும் கேட்டேன்.

அவர் மை வைத்த விரலை ஊதியபடி என் மேசைக்கு வந்தார். "உன் வெரல்ல மை இல்லியே டீச்சரம்மா. நீ போடலியா?"

"எங்களுக்குத் தபால்ல."

"போட்டுட்டியா?"

தபால் ஓட்டுக்கு விண்ணப்பிக்கும் படிவம் பன்னிரண்டு எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் நிரப்பாமல் கிடந்தது. கொடுக்க வேண்டிய நாளில் வேறேதோ வேலை. நான் அடுத்தவரின் அட்டையை வாங்கினேன்.

5. ஸ்கேல்

மாலையில் இயந்திரக் கணக்கும் பதிவேட்டுக் கணக்கும் ஒத்துப்போயின. நான் நாலு முறை பார்த்தேன். மெமோ வரவில்லை. ஆனாலும் ஒரு மாதம் வரை பள்ளிக்கு வந்த ஒவ்வொரு பழுப்பு உறையும் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

ஒருவரையொருவர் நம்பாத ஆட்களை முதுகுக்குப் பின்னால் உட்கார வைப்பது எனக்கு முதலில் தொந்தரவாகத் தெரிந்தது. அன்று விஜயாவின் ஓட்டைக் காப்பாற்றியது அந்த ஏற்பாடுதான். ஆனால் சீல் வைத்த உறைக்குள் போகிற ஓட்டை எதற்குப் போட வேண்டும் என்று அவர் கேட்டதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். என்னால் முடிந்தது, யாரையும் அந்த உறை வரைக்கும் அனுப்பாமல் இருப்பது. ஒரு ஸ்கேல் கொண்டு போங்கள். அதை வரிக்கு அடியில் வைத்து, கணவர் பெயரையோ தகப்பன் பெயரையோ படித்து, படத்தையும் ஆளையும் பார்த்த பிறகு பேனாவைத் தொடுங்கள். தப்பாகிவிட்டால் ஆள் வாசற்படிக்குப் போகும்முன் சொல்லிவிடுங்கள்.

எனக்கும் இந்த முறை ஆணை வந்திருக்கிறது. வந்த அன்றே படிவம் பன்னிரண்டை எடுத்து உட்கார்ந்தேன். பட்டியலில் என் கட்டத்தைத் தேடி, நிலாவின் ஸ்கேலை அடியில் வைத்து, வரிசை எண்ணைச் சத்தமாகப் படித்தேன். நிலா இப்போது எல்.கே.ஜி. பின்னால் நின்று ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். அதன் பிறகு எழுதினேன்.