சொல்லாமல் விட்ட ஐந்தாம் பத்து

புதுக்கோட்டை பஸ் நிலையத்தில் எங்கள் ஊர் வண்டிக்காகக் காத்திருந்தபோதுதான் செய்தி கிடைத்தது. லாந்தருக்கு வாங்கிய சிம்னியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் பிடித்திருந்தேன். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "என்ன சார், சாவகாசமா நிக்கிறீங்க? ஒங்க உபதேசியார் காலையில போயிட்டாராமே, தெரியாதா?" என்றார்.

"யாரு, சந்தியாகுவா?"

"ஒங்க ஊர்ல வேற எத்தனை உபதேசியார் இருக்காங்க?"

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். "ஒங்க உபதேசியார்" என்று அவர் சொன்னது வழியெல்லாம் உறுத்திக்கொண்டே வந்தது. நானும், பங்குச் சாமியாருக்கு உதவியாகக் கோவிலில் செபம் நடத்தும் சந்தியாகு உபதேசியாரும் நெடுங்காலமாகச் சண்டைக்காரர்கள் என்பது ஆவூர் வரைக்கும் தெரிந்த விஷயம். அந்த வழியிலேயே வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் தெரியாமல் இருக்குமா?

அடக்கம் முடிந்தபின் கோவில் முன்னால் கூட்டம் போட்டார்கள். பலர் பேசினார்கள். அதிர்ந்து பேசாதவர், எல்லாருக்கும் அடங்கி நடந்தவர் என்றார்கள். என்னையும் அழைத்தார்கள், மறுத்துவிட்டேன். அவரை அறிந்தவர்களுக்காக, அன்று பேசாததை இங்கே எழுதுகிறேன். சந்தியாகு உபதேசியார் அடங்கி நடந்தவர் அல்ல. நான் பார்த்த மனிதர்களில் அவரைப்போலப் பிடிவாதக்காரர் இல்லை. ஒரு சிட்டிகை மூக்குப்பொடி ஏற்றாமல் செபம் தொடங்கமாட்டார். பாட்டுக்குச் சுருதி என்று ஒன்று உண்டு என்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை, சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார். அடங்கினவர் என்று சொல்லிவிட்டால் அந்த மனிதர் கையைவிட்டுப் போய்விடுகிறார்.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் இந்த ஊர்ப் பள்ளிக்கு வாத்தியாராக வந்தேன். பி.ஏ. படித்தவன். புதுக்கோட்டையில் எனக்குக் கிடைக்கவேண்டிய வேலை சிபாரிசு உள்ள ஒருவருக்குப் போயிற்று. அவரை இன்றும் கீழராஜ வீதியில் பார்க்கிறேன். என்னைக் கண்டதும் எதிர்ச் சாரிக்குப் போய்விடுவார். அந்தக் கசப்போடுதான் மனைவி லூர்துவையும் மகள் செசிலியையும் அழைத்துக்கொண்டு மாட்டுவண்டியில் வந்து இறங்கினேன். சாமான் இறக்க முதலில் வந்து கைகொடுத்தவர் உபதேசியார். என் புத்தகப் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சார், இதுல ஒரு ஜோடி மாட்டையும் சேத்து வச்சுப் பூட்டியிருக்கீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் தெருவில் மாலை மணி அடித்ததும் நாலைந்து வீட்டார் சேர்ந்து செபமாலை சொல்வது வழக்கம். எங்கள் வீட்டுக் கூடம் பெரியது, அங்கேதான் கூடுவார்கள். செபமாலையில் ஐந்து பத்து; பத்துக்குப் பத்து மணி, மணிக்கு ஒரு மந்திரம். ஒவ்வொரு பத்தையும் ஒருவர் முன்னால் சொல்ல, மற்றவர்கள் மந்திரத்தின் பின்பாதியைச் சொல்லுவார்கள். முதல் பத்து உபதேசியாருடையது. ஐந்தாம் பத்து வீட்டுக்காரருடையது. வீட்டுக்காரர் ஊரில் இல்லாவிட்டால் மட்டும் மனைவியோ மூத்த பிள்ளையோ அதைச் சொல்லலாம். அவர் இருக்கும்போது வேறொருவர் சொல்வது, அவர் இலையில் கைவைப்பது மாதிரி. இது எந்தச் செபப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் தெருவில் மட்டும் இருந்தது.

நாலாம் பத்து செசிலிக்கு. அவள் அதை ரயில் வேகத்தில் சொல்லுவாள். "ஏ புள்ள, மாதாவுக்கே மூச்சு வாங்குது, மெதுவாச் சொல்லு" என்பார் உபதேசியார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அடுத்த மணியிலிருந்து இன்னும் வேகமாகப் போவாள். அவளுக்குப் பிறகு ஐந்தாம் பத்தை நான் நிதானமாகச் சொல்லி முடிப்பேன். அப்போது எனக்கும் விசுவாசம் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, வீட்டில் விளக்கு இருப்பதுபோல இருந்தது.

செசிலிக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பிய நாளன்று பங்குச் சாமியாரின் மோட்டார் வேறொரு ஊர்த் திருவிழாவுக்குப் போயிருந்தது. புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி கட்டினோம். உபதேசியார் வண்டிக்கு முன்னால் நடந்து பள்ளம் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வழியில் லூர்து, "வண்டிய நிறுத்துங்க" என்றாள். அதற்குப்பின் வண்டியைத் திருப்ப வேண்டியிருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் "ஆண்டவர் சித்தம்" என்றார்கள். மோட்டாரை எடுத்துப்போன சாமியாரும் அதையேதான் சொன்னார். சொன்னவர்களின் முகங்கள் ஒவ்வொன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதைச் சொல்லாதவர் உபதேசியார் ஒருவர்தான். அவர் கூடத்தில் உட்கார்ந்து பொடி போடவும் மறந்துபோய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செபமாலை மறுபடி தொடங்கிய மாலையில் நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் வாசலில் புங்கமரத்தடியில் போட்டு உட்கார்ந்தேன். உள்ளே பேசுவது நன்றாகக் கேட்கும். செசிலியின் பத்தை லூர்து சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று எழுத எனக்கு வராது. பிறகு ஐந்தாம் பத்து. யாரும் தொடங்கவில்லை.

"அண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும், அதையும் நீங்களே சொல்லி முடிச்சிருங்க" என்றாள் லூர்து.

"வீட்டுக்காரரு வாசல்ல இருக்கையில நான் எப்படித் தங்கச்சி சொல்றது?"

அவ்வளவுதான். பத்து மந்திரம் சொல்லும் நேரம் அவர் வாய் திறக்காமல் மணிகளை மட்டும் உருட்டினார். கூடமே சும்மா இருந்தது. பிறகு "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று தொடங்கிச் செபத்தை முடித்தார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். பிறகு அதுவே அந்த வீட்டின் வழக்கமாகிவிட்டது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஊருணிக் கரையில் வழிமறித்துக் கேட்டேன். "ஏன் உபதேசியாரே, ஊரைக் கூட்டி வச்சு என்னை அவமானப்படுத்துறீங்களா?"

"அவமானம் என்ன சார்? ஒங்க எடத்துல வேற ஆள உக்கார வைக்கலை. அம்புட்டுத்தான்."

"எனக்கு அந்த இடம் வேண்டாம்."

"வேணாம்னா கெடக்கட்டும். யாருக்கு நட்டம்?" என்று சொல்லிவிட்டுப் பொடிமட்டையைத் தட்டினார்.

சில வருஷங்களுக்குப் பிறகு புதிதாக வந்த சாமியார் ஒருவர் வீடு சந்திப்புக்கு எங்கள் தெருவுக்கு வந்தார். செபமாலை நேரமாக இருந்ததால் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் புங்கமரத்தடியில் இருந்தேன். நாலு பத்து முடிந்து வழக்கம்போல எல்லாரும் மௌனமானதும், உபதேசியார் கண்ணயர்ந்துவிட்டார் என்று நினைத்திருக்கவேண்டும், சாமியாரே ஐந்தாம் பத்தைக் கணீரென்று தொடங்கினார். பின்பாதியைச் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. உபதேசியார் எழுந்து நின்று கைகூப்பி, "சாமி, மன்னிக்கணும். அது சார் பத்து" என்றார்.

"எந்த சார்?"

"வாசல்ல உக்காந்திருக்காரே, அவரு."

சாமியார் எட்டிப் பார்த்தார். நான் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் சாமியார் தங்கும் அறைவீட்டுக்குக் கூப்பிட்டு உபதேசியாரை நிற்கவைத்துத் திட்டினார்கள். கோவிலில் செபம் முன்சொல்லும் பொறுப்பு ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம் முழுவதும் அவரிடம் இல்லை. தவசு காலம்தான் அவருடைய காலம். சிலுவைப்பாதையை அந்தச் சுருதி இல்லாத குரலில் சொல்லித்தான் அவர் உயிரோடிருந்தார். அந்த நாற்பது நாளும் கடைசி வரிசையில் மண்டியிட்டு இருந்தாராம். கோவிலில் மணி அடிக்கிற கோவில்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வருவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. திட்டு வாங்கிய அன்று மாலையும் வந்தார், மணி உருட்டினார், போனார்.

மழை பொய்த்த ஒரு வருஷம் நடந்ததையும் சொல்லவேண்டும். குளம் வெடித்துக் கிடந்தது. திருவரங்குளம் பக்கம் கிணறு வெட்டப் போயிருந்த ஆட்கள்கூட வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். மழைக்காக ஊரைச் சுற்றிச் செபித்துவரும் சுற்றுப்பிரகாரம் நடந்த அன்று நான் புங்கமரத்தடியில் இருந்தேன். முடித்துவிட்டு வந்த உபதேசியார் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு மரத்தடியில் குந்தினார்.

"என்ன, ஆண்டவர் ஏதாவது சொன்னாரா?" என்றேன்.

"கோவமா இருக்காரு போல."

"நானும் கோபமாகத்தான் இருக்கிறேன்."

"இருங்களேன். யாரு வேணாங்குறா? மழைக்கு ஒரு வீட்டுல ஒதுங்குறோம். வீட்டுக்காரனப் புடிச்சிருந்தாத்தான் ஒதுங்கணும்னு இருக்கா? சண்டையப் போடுங்க சார். ஆனா கூரைக்குக் கீழ நின்னு போடுங்க. எதுக்கு வெளிய நின்னு நனையிறீங்க?"

"இந்த ஊரில் மழையே கிடையாது. எதற்கு ஒதுங்குவது?"

"வெயிலுக்கும் ஒதுங்கலாம்."

அந்தப் பதில் எனக்குப் பொறுக்கவில்லை. அவருடைய ஒரே மகன் பிழைப்புக்குப் பர்மா போனவன். ஜப்பான் சண்டைக் காலத்தில் ரங்கூனிலிருந்து நடந்து கிளம்பிய கூட்டத்தில் அவனைப் பார்த்ததாக அரிமளத்துக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். வந்து சேர்ந்தவர்களில் அவன் இல்லை. இருக்கிறான் என்றோ இல்லை என்றோ யாரும் சொன்னதில்லை. "இத்தனை வருஷம் ஒதுங்கியிருந்தீரே, உம்முடைய பிள்ளை வந்தானா?" என்று கேட்டேன்.

அவர் செம்பைக் கீழே வைத்தார். "வரல சார். வந்திருந்தா ஒரு பூசைக்குக் கொடுத்துட்டு, மெழுகுவத்தி ஏத்திட்டு, எம்பாட்டப் பாத்துக்கிட்டுப் போயிருப்பேன். வராததனாலதான் அங்கேயே கெடக்கேன். வெட்டவெளியில நின்னுக்கிட்டுக் காத்துக்கெடக்க என்னால முடியல."

பிறகு கூடத்துக்குப் போனார். மணி அடித்தது. அன்றைக்கும் என் பத்து வந்தபோது மௌனம்தான்.

சமீபத்தில் பூசையில் லத்தீன் போய்த் தமிழ் வந்தது. "இத்தனை நாள் நீங்க சொன்னது அவருக்குப் புரியலையோ என்னவோ, இனிமேலாவது பதில் சொல்றாரா பாப்போம்" என்று அவரைக் கிண்டல் செய்தேன். "புரியாம இருந்ததே நல்லது சார். நான் அவர வைஞ்சதெல்லாம் அதுலதான்" என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அவருடைய வீடு ஒற்றை அறை. முன்னால் தென்னங்கீற்றுச் சாய்ப்பு. பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே அங்கே போனேன். பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். கையில் அதே செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். தலைமாட்டில் லூர்து உட்கார்ந்திருந்தாள். நான் வெளியிலேயே நின்றுகொண்டேன். எடுப்பதற்குமுன் செபமாலை சொல்லத் தொடங்கினார்கள். முதல் பத்தைக் கோவில்பிள்ளை சொன்னார். நாலாம் பத்தை லூர்து சொன்னாள். ஐந்தாம் பத்து வந்தது. அவருக்கு மனைவி இல்லை. பிள்ளை இருக்கிறானா என்று தெரியாது. கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நேரமாகிறதே என்று கோவில்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு வாயெடுத்தார்.

"சொல்லாதீங்க" என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். "அது உபதேசியார் பத்து. வீட்டுக்காரர் இங்கேதானே இருக்கிறார்?"

தெருவுக்கே அது புரிந்தது. மௌனமாக இருந்தோம். மணி உருட்டி முடிவு சொல்ல அவர் இல்லாததால் எவ்வளவு நேரம் இருப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. யாரோ இருமினார்கள். ஒரு குழந்தை அழுதது. சாய்ப்பில் கீற்று உரசும் சத்தம். அப்போதுதான் ஒன்று தெரிந்தது: எனக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் அந்த மௌனத்தை வெளியிலிருந்து கேட்டிருக்கிறேன். எந்த இடத்தில் அது முடியும் என்று எனக்குத் தெரியும். பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நான் ஒவ்வொரு மந்திரமாகக் கூடவே போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறேன். என் விருப்பத்தைக் கேட்டு நடந்த காரியமல்ல அது.

முடியும் இடம் வந்ததும் சாய்ப்புக்குள் குனிந்து நுழைந்து, "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று தொடங்கினேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது. மற்றவர்கள் சேர்ந்து முடித்தார்கள். லூர்து தலை நிமிரவில்லை.

இதைப் படித்துவிட்டு நான் மனம் திரும்பினேன் என்று யாரும் மகிழ வேண்டாம். அந்த மோட்டாரை நான் மன்னிக்கவில்லை. "ஆண்டவர் சித்தம்" என்று இனி யார் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடுவேன். ஆண்டவரோடும் எனக்குப் பேச்சு இன்னும் சரியாக இல்லை. செசிலி இல்லாத வீடு நேற்று எப்படி இருந்ததோ இன்றும் அப்படியே இருக்கிறது.

உபதேசியாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் எனக்காக விட்டுவைத்த இடம். அதில் வேறு யாரையும் உட்காரவிடாமல் அவர் காத்தார். இப்போது காக்க ஆள் இல்லை. அதனால் நாற்காலியைப் புங்கமரத்தடியிலிருந்து எடுத்துவிட்டேன். தாழ்வாரத்தில் போட்டிருக்கிறேன். கூடத்துக்கு இன்னும் போகவில்லை. மாலையில் நாலு பத்து முடிந்ததும் உள்ளே எல்லாரும் பேசாமல் இருக்கிறார்கள். நானும் பேசாமல் இருக்கிறேன். பிறகு, முடியவேண்டிய இடத்தில் முடித்துவைக்கிறேன். சண்டை தீரவில்லை. கூரைக்குக் கீழே இருந்து போடுகிறேன்.